கொம்பனுக்கு என்ன கோளாறு

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். கடைசித் துணியைக் கொடியில் போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிட்டது.

கொம்பன் மறுபடியும் படுத்துவிட்டது. கொம்பன் என்றால் எங்கள் ரெக்கவரி வண்டி. ரோட்டில் நின்றுபோகும் கார், டெம்போவையெல்லாம் கொக்கி போட்டு இழுத்து வரும் டீசல் வண்டி. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கையைப் பார்த்து நான் வைத்த பெயர்.

நேற்று குன்னம் பக்கம் ஒரு காரை இழுத்து வரும்போது இன்ஜின் கத்துகிறதாம், வண்டி நகரவில்லையாம். கத்தல் ஜாஸ்தி, வேலை கம்மி. அப்புறம் எரிந்த வாடை. வேறு ரெக்கவரி வண்டியை வரச்சொல்லிக் காரைக் கொடுத்துவிட்டு வந்தார் அப்பா. "டாக்டருக்கே ஆம்புலன்ஸா?" என்றேன். காது கேட்காத மாதிரி இருந்தார்.

பங்குனியில்தான் புது கிளட்ச் பிளேட். அதற்கு முன் தையில் ஒன்று. வருஷக்கணக்கில் உழைக்க வேண்டிய சாமான்.

அம்மா மஸ்கட்டில், ஒரு வீட்டில் சமையல் வேலை. ஆவணியில் காண்ட்ராக்ட் முடிகிறது. "வண்டி ஒழுங்கா ஓடுச்சுன்னா உங்கம்மாவ வந்துடச் சொல்லிடலாம்" என்று பொங்கலிலிருந்து சொல்கிறார் அப்பா. ஓடாவிட்டால் அம்மா இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, அம்மா வருவது பிளேனில் இல்லை. கிளட்ச்சில்.

சாயங்காலம் பெரிய காமெடி. பால் வாங்கப் போன அப்பா ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். வலது மட்டும்.

"இடது எங்கடி? எங்க ஒளிச்சு வெச்ச?"

"நடக்குறவரு கால்லேர்ந்து உருவ எனக்குத் தெரிஞ்சா சர்க்கஸ்ல சேந்துருக்க மாட்டேனா?"

போய்ப் பார்த்தேன். ரோட்டோரம் குப்புறக் கிடந்தது. கழன்றதுகூடத் தெரியாமல் வீடு வரை நடந்திருக்கிறார். சிரித்து வயிறு வலி. போட்டோ எடுத்து பவிக்கு அனுப்பினேன். இருக்கிற ஒரே தோழி, லீவுக்குத் திருப்பூர் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

ஒற்றைச் செருப்பு, ஒற்றை டிக், ஒற்றைப் பிள்ளை.

மே 7, புதன்

அரியலூர். காதர் மாமா ஷெட். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவில் கொம்பன் கன்றுக்குட்டி மாதிரி. சுமை இல்லாததால் ஊர்ந்தே வந்து சேர்ந்தோம்.

காதர் மாமாவின் முதல் சோதனை: கை பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் வைத்து, கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி அணைந்துவிடும். அணையவில்லை. ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது. பிளேட்டுக்குப் பிடிமானமே இல்லை.

யார் குற்றவாளி? மாமா ஒவ்வொருத்தரையாக விசாரித்தார்.
— இன்ஜின் ஆயில் ஒழுகி பிளேட்டில் பட்டதா? இல்லை. காய்ந்து கிடக்கிறது.
— பெடல் டைட்டா? இல்லை. மேலே கொஞ்சம் சும்மா ஆடிவிட்டுத்தான் பிடிக்கிறது.
— மட்ட சாமானா? இல்லை. அவரே வாங்கிப் போட்டது.

மத்தியானம் கியர் பாக்ஸை இறக்கினார். பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேஞ்சு போவலண்ணே, எரிஞ்சு போயிருக்கு. பேரிங்கப் பாருங்க, நீலம் பூத்துருக்கு. பெடலு லேசா அமுங்கிக்கிட்டே இருந்தாத்தான் இப்டி ஆவும். கால மேலயே வெச்சு ஓட்டுறீங்களா?"

"பாய், நான் ஸ்டேரிங் புடிச்சப்ப நீங்க பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருந்தீங்க."

"கோச்சுக்காதீங்க. கேட்டுத்தான ஆவணும்."

"கியர் மாத்துன ஒடனே கால கீழ வெச்சுருவேன் பாய். சத்தியமா."

அப்பா சும்மா சத்தியம் செய்கிறவர் இல்லை. மாமாவும் விட்டுவிட்டார். பெடல் ஸ்பிரிங்காக இருக்கும், அதையும் மாற்றிவிடலாம் என்றார்.

இடையில் என் பங்குக்கு, மாமாவின் முதுகில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதி ஒட்டினேன். ஷெட்டில் இருந்த லாரி டிரைவர்கள் எல்லாம் அவர் பின்னால் போய் வாயாலேயே பாம், பாம். "என்னங்கடா இன்னிக்கு எல்லாருக்கும் வாயில ஹாரன் வெச்சுருக்கு?" கண்டுபிடித்ததும் துரத்தினார். "வாலு! இதக் கூட்டிக்கிட்டு வராதீங்கண்ணே!" இந்த லீவில் நான் பத்துப் பேரைச் சிரிக்க வைத்த ஒரே நாள்.

மே 8, வியாழன்

எல்லாம் புதுசு. பழுதான டெம்போ ஒன்றைக் கொக்கியில் மாட்டிக் காதர் மாமாவே ஓட்டிப் பார்த்தார். ரயில்வே மேம்பாலத்தில் கொம்பன் மூச்சு வாங்காமல் ஏறியது. வாடை இல்லை.

"ஆவணி வரைக்கும் என் மூஞ்சியில முழிக்க மாட்டீங்க, இன்ஷா அல்லா."

திரும்பி வரும்போது ஓட்டியது அப்பா. இருட்டவில்லை, வெயில் சாய்ந்திருந்தது. இருபுறமும் உழுது போட்ட கரிசல். பாதி வழியில் லேசாக அந்த வாடை.

"அப்பா, வருது."

"புது பிளேட்டு. அப்டித்தான் வரும்."

ஜன்னல் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டேன்.

மே 9, வெள்ளி

வெள்ளி = அம்மா. அவளுக்கு அன்றைக்குத்தான் சாயங்காலம் ஓய்வு.

"வண்டி எப்டிங்க இருக்கு?"

"புலி மாதிரி இருக்கு."

"மாத்தர போடுறீங்களா?"

"ம்."

சர்க்கரை மாத்திரை. போடுகிறார், ஞாபகம் வந்தால். நான் புருவத்தைத் தூக்கினேன். என்னைப் பார்க்காமல் போனைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா போனை வைத்த பிறகு ஃபேன் சத்தம் பெரிதாகிவிடுகிறது. வாரா வாரம் இதே கதை. மொட்டை மாடிக்குப் போய் அப்பாவுக்கு போன் போட்டேன், ஆண் குரலில்: "சார், பாடாலூர் பாலத்துக்கிட்ட வண்டி நின்னுபோச்சு."

"அப்டியா சார். உங்க வண்டியில எம்பொண்ணு இருந்தா சாப்புட எறங்கி வரச் சொல்லுங்க."

மே 10, சனி

இதை எப்படி எழுதுவது.

மத்தியானம் அப்பா தூக்கம். துணி கிளிப்பை எடுத்து என் விரலில் போட்டுப் பார்த்தேன். உயிர் போகிறது. சரி, இது போதும். அப்பாவின் இடது கால் சுண்டுவிரலில் மாட்டிவிட்டுக் கதவுக்குப் பின்னால், வாயைப் பொத்திக்கொண்டு.

எழுந்தார். முகம் கழுவினார். கிளிப்போடு. டீ போட்டுக் குடித்தார். கிளிப்போடு. வாசலுக்குப் போய்க் கொம்பனின் கண்ணாடியைத் துடைத்தார். நடிக்கிறார் என்று நினைத்தேன். நடிப்பில் என்னைப் பெற்றவர்தானே. முன்னால் போய் நின்று சிரித்தேன்.

"என்னடி?"

காலைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது நடிப்பு இல்லை. விரல் ஊதா நிறத்தில் இருந்தது. கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"கொடியில மாட்டு."

செவ்வாய்க்கிழமை செருப்புக்கு நான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. இப்போது வரவில்லை.

மே 11, ஞாயிறு

பாடாலூரில் ஒரு கார், இன்ஜின் சூடாகி நின்றுவிட்டதாம். நானும் வருவேன் என்று அடம் பிடித்து ஏறினேன். கேபினில் உட்கார்ந்துகொண்டு ரோட்டைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன்.

கியர் மாற்றினார். கால் கீழே வந்தது. பாதிதான். குதிகால் தரையில், விரல்கள் பெடலில். அந்தக் கனத்தில் பெடல் ஒரு விரல் அளவு இறங்கியே இருந்தது.

"அப்பா, கால் எங்க இருக்கு?"

"கீழதான் இருக்கு." குனிந்து பார்க்காமலே. தன் பெயரைச் சொல்வது மாதிரி அவ்வளவு நிச்சயமாக.

காதர் மாமாவிடமும் அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

அங்கே வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். காரைக் கட்டினோம். கார்க்காரர் எங்களோடு கேபினில், ஜன்னல் ஓரம். நான் நடுவில். பாலம் ஏறும்போது அதே கதை. இன்ஜின் கத்தல், வாடை, வேகம் குறைந்து குறைந்து வண்டி நிற்கப் போகிறது. பின்னால் பஸ் ஹாரன்.

"சார், பின்னாடி போயிடப் போவுது சார்!" கார்க்காரர்.

அப்பா ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. நான் குனிந்து ரெண்டு கையாலும் அவர் இடது கணுக்காலைப் பிடித்துப் பெடலிலிருந்து தூக்கினேன்.

கொம்பன் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொண்டது. ஏறியது.

பாலம் முழுக்க அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே குனிந்திருந்தேன். கார்க்காரர், "என்ன பாப்பா தேடுற?" என்றார். "கிளட்ச்ச" என்றேன்.

மே 12, திங்கள்

காலையில் அப்பாவை உட்கார வைத்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் காசு அளவுக்குக் கொப்புளம் உடைந்த புண். கேபின் தரைத் தகடு இன்ஜின் சூட்டில் கொதிக்கும். அதில் வெறுங்காலை வைத்தது. அதுவும் தெரியவில்லை.

"எப்பலேர்ந்துப்பா?"

"மரத்த மாதிரி இருக்கும். கார்த்திகையிலேர்ந்து இருக்கும். நடந்தா சரியாப் போயிடும்னு விட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"போனா வண்டி ஓட்டாதம்பான். ஆவணி வரைக்கும் பொறுத்துக்க. உங்கம்மாட்ட மூச்சு விடாத."

சொன்னால் அம்மா வரமாட்டாள். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அங்கேயே கையெழுத்துப் போடுவாள். சொல்லாவிட்டால் அம்மா வருவாள், அதற்குள் அப்பாவின் கால்... மீதியை எழுதவில்லை.

காதர் மாமாவிடம் சொல்லலாமா? பவியிடம்? டைப் செய்தேன். அழித்தேன். டைப் செய்தேன். கடைசியில் "என்ன பண்ற" என்று அனுப்பினேன். இதற்கு உடனே பதில்: "சினிமா பாக்குறேன்டி, அப்புறம் பேசுறேன்."

மே 13, செவ்வாய்

குன்னத்திலிருந்து கூப்பிட்டார்கள், டிராக்டர் டிரெய்லரை மோதிய கார். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு ஆணியைப் பார்த்தார். வண்டிச் சாவி இல்லை.

சிரித்தார். அதுதான் கஷ்டம். நான் வழக்கமாக ஒளிக்கும் இடங்களில் எல்லாம் தேடினார்: அரிசி டப்பா, கடிகாரத்துக்குப் பின்னால், தன் சட்டைப் பையிலேயே.

"குட்டிச்சாத்தான், குடு. நேரமாவுது."

"தரமாட்டேன்."

"வெளையாட்ட அப்புறம் வெச்சுக்க."

"வெளையாடலப்பா."

போன் மறுபடி அடித்தது. நின்றது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

மே 15, வியாழன்

சோறு, ரசம், அப்பளம். பேச்சு இல்லை. டீயில் உப்புப் போட்டு வைத்தேன், திட்டவாவது செய்வார் என்று. முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

வாசலில் கொம்பன் மேல் புழுதி. விரலால் என் பெயரை எழுதினேன். அப்புறம் அம்மா பெயர். அப்பா பெயர். ஒரே வண்டியில் மூணு பேர்.

சாவி என் பாவாடை முடிச்சில். தூங்கும்போது இடுப்பில் குத்துகிறது.

மே 16, வெள்ளி

காலையில் மேகம். மழை இல்லை.

போன் வந்தபோது அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து, சாப்பாடு, வெயில் எல்லாம் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது கண்ணால் கெஞ்சினார்.

அம்மா முகம் நிறைய சிரிப்பு. அங்கே ஒரு கடையில் எனக்குச் சுடிதார் பார்த்து வைத்திருக்கிறாளாம், பச்சையா மெரூனா என்று கேட்டாள். பச்சை என்றேன்.

"வண்டி எப்டிடி இருக்கு?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா."

அப்பா டிவியை நிறுத்தினார்.

மீதியையும் சொன்னேன். செருப்பு, கிளிப்பு, பாலம், புண். ஒரு இடத்தில்கூட ஜோக் வரவில்லை. அம்மா நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். கண் சிமிட்டினாள். உறையவில்லை.

"ஆவணியப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். "கால காட்டச் சொல்லு."

அப்பா அசையவில்லை.

"என்னங்க, ஒங்களத்தான். கால காட்டுங்க."

அப்பா இடது காலை ரெண்டு கையாலும் தூக்கி நாற்காலி மேல் வைத்தார். நான் கேமராவைத் திருப்பினேன்.