இடது முழங்கால் கட்டு

12 ஆகஸ்ட் 1974, திங்கள்

பந்தாடுவதற்காகத்தான் இந்த எஸ்டேட்டில் எனக்கு ஃபாக்டரி வேலை கொடுத்தார்கள். ஆட்டம் நின்றதும் மலையில் மருந்தடிக்கப் போகச் சொல்லிவிட்டார்கள். வலது முழங்கால் மடங்கவே மாட்டேன் என்கிறது, ஃபாக்டரியிலேயே விடுங்கள் என்று இன்று தொரையிடம் கேட்டேன்.

தொரை சிரித்தார். "அந்தோணி, அஞ்சு வருஷமா இடது கால்லதானே கட்டுப் போட்டு ஆடுன? இப்ப வலதுங்கிற?"

தொரை சொன்னபடி கம்பவுண்டர் இடது காலை மட்டும் மடக்கிப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடிபட்டது வலதில்தான். எதிர் டீம்காரன்கள் கட்டைப் பார்த்துத்தான் உதைப்பான்கள். அதனால் நல்ல காலில் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு மேட்சிலும் ஏமாந்தான்கள். பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

உள்ளதைச் சொன்னேன். "நல்லா கதை விடுற" என்று தொரை எழுந்து போய்விட்டார். நாளைக் காலை மருந்து டின்னைத் தூக்க வேண்டும். அந்த ஏற்றத்தில் இந்தக் கால் எத்தனை நாள் தாங்கும்?

என் பெண்டாட்டி ஸ்டெல்லாவிடமும் இன்றுதான் சொன்னேன். அவள் அண்ணன் எதிர் டீமில் ஆடினான். அதனால் வீட்டிலும் இடது காலையே நொண்டிப் பழகியிருந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"அப்ப இத்தன வருஷமா நான் எந்தக் காலுக்குத் தேச்சேன்?"

கிண்ணம் இன்னும் கட்டில் பக்கத்தில்தான் இருக்கிறது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.