முதல் சொல்லை விழுங்கும் பெட்டி

என் எல்லாப் பேச்சுக்கும் ஓர் எதிர்ப்பேச்சு வைத்திருந்த அத்தைக்கு,

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மேலவெளியில் குறுவை நடவு நடக்கிறது. மாமாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, காலையில் தானே போய் மடையைப் பார்த்துவிட்டு வருகிறார். உங்கள் மகன் தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வருகிறேன் என்கிறார். போன வருடமும் அதையேதான் சொன்னார், உங்களுக்கே தெரியும்.

எனக்குத்தான் ஒன்றும் சரியில்லை. ஒரு மாதமாக நெல் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கிறது என்று மூட்டைகளை ஒதுக்கி எனக்கு மேசை போட்டுக் கொடுத்தவர் நீங்கள். சம்பா அறுவடைக்குப் பிறகு வந்த மூட்டைகள் இப்போது நாற்காலியின் முதுகுவரை வந்துவிட்டன. ஒதுக்கச் சொல்லி மாமாவிடம் கேட்க வாய் வரவில்லை.

நம் நடவு ஆப்தான் விஷயம். படிக்கச் சிரமப்படும் பெண்களுக்கு அன்றைக்கு எந்த வயல், என்ன வேலை, எத்தனை மணி என்று குரலில் சொல்வதற்காக எங்கள் கம்பெனி செய்தது. அந்தக் குரல் உங்களுடையது. எத்தனையோ வருடம் நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போன குரலைவிட வேறு எது பொருந்தும்? வயல் பெயர், வேலை, நேரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாகப் பேசிக் கொடுத்தீர்கள். ஆப் அவற்றை வரிசையாக ஒலிக்கவிடும். மேலவெளி, நடவு, காலை ஆறு மணி.

அப்படி ஒலிக்கவிடுகிற வேலைக்குத்தான் எனக்குச் சரியான லைப்ரரி கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்யாவிட்டால், உங்கள் குரலை எடுத்துவிட்டு இயந்திரக் குரலைப் போட்டுவிடலாம் என்று பிரவீண் சொல்லிவிட்டார். சென்னையில் இருக்கும் என் மேலதிகாரி. வீடியோவில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தம்பி சாப்பிட்டுச்சா?" என்று கேட்டீர்களே, அவரேதான்.

லைப்ரரி என்றால் புத்தகமா என்று முதலில் கேட்டீர்கள். இல்லை அத்தை, சத்தத்தை ஒலிக்கவைக்கிற வேலையை நாம் முதலிலிருந்து எழுத வேண்டாம், யாரோ எழுதி வைத்ததை எடுத்துப் பயன்படுத்தலாம் என்றேன். "ஆள் வச்சு வேலை வாங்குறதுனு சொல்லு" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் பார்வையில் நான் கம்ப்யூட்டரில் வேலை செய்பவள் இல்லை, ஆள் பிடிக்கிறவள்.

மூன்று பேரைப் பார்த்தோம். பெயர் வைத்ததும் நீங்கள்தான். எதைக் கொடுத்தாலும் பாடும், ஆனால் ஆப்பையே இரண்டு மடங்கு பெருக்கவைக்கும் பழைய லைப்ரரி, பெரியவர். வெளிநாட்டில் யாரோ ஒருவர் தனியாக எழுதிப் பராமரித்தது, ஒத்தையாள். புதிதாக வந்தது, சின்னவன். நம் நடவுக் குழு செல்வி அக்காவின் மலிவு ஃபோன், கூட்டுறவுச் சங்க அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர், பக்கத்து ஊர்க் குழுவுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்த ஐபோன், மூன்றிலும் ஒரே மாதிரி பேசுகிற ஆள் வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். அது பேராசையா?

பெரியவர் செல்வி அக்காவின் ஃபோனுக்குள் நுழையவே இல்லை. பேத்தி படங்களையெல்லாம் அழித்தால்தான் இடம் கிடைக்கும் என்றதும் அக்கா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். போதாததற்கு, தன்னைப் பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்து நம் ஆப்புக்காக நாங்கள் எழுதிய நிரலையும் ஊருக்குத் திறந்து காட்டச் சொல்லும் நிபந்தனை வேறு. பிரவீண் கையை விரித்துவிட்டார். ஒத்தையாள் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திரை அணைந்தால் வாயை மூடிக்கொள்ளும். எழுதியவருக்கு மூன்று கடிதம் போட்டேன், பதிலே இல்லை. அவருக்கு என்ன ஆயிற்றோ.

மிச்சம் இருந்தது சின்னவன். எல்லா இடத்திலும் ஓடியது. ஒரே குறை, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விட்டது. மேலவெளி... நடவு... காலை... ஆறு மணி. கேட்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. பிரவீணிடம் தரம் சரியில்லை என்று எழுதினேன். அது பொய், அத்தை. மாசியில், உங்கள் கடைசி நான்கு நாளும் நீங்கள் அப்படித்தான் பேசினீர்கள். ஒரு சொல், ஒரு மூச்சு, ஒரு சொல். அதை இன்னொரு முறை கேட்க என்னால் முடியவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. நடவு தொடங்கிய முதல் வாரம். செல்வி அக்காவுக்கு ஒத்தையாளையே தற்காலிகமாகப் போட்டுக் கொடுத்திருந்தேன். உங்களுக்குப் பிறகு குழுவை அவர்தான் நடத்துகிறார். ரேஷன் கடைப் பக்கம் எல்லோரும் கூடுகிற இடத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கர் பெட்டியை வைத்து ஃபோனைத் தட்டுவார், திரை அணையாமல் விரலால் தடவிக்கொண்டே இருப்பார். அன்றைக்குப் பெட்டி "நடவு, காலை ஆறு மணி" என்று மட்டும் சொன்னது. வயல் பெயரைக் காணோம். ஃபோனை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வங்கியில் முதல் ஆளாக நிற்க அக்கா அதற்கு முன்பே விடிகாலை பஸ்ஸில் பாபநாசம் போய்விட்டார். பாதிப் பேர் மேலவெளிக்கு, பாதிப் பேர் கோயில் நிலத்துக்கு. மேலவெளியில் பறித்துப் போட்டிருந்த நாற்று, நட ஆள் போதாமல் மத்தியானம்வரை வெயிலில் கிடந்து வாடிவிட்டது.

சாயங்காலம் அக்கா வாசலில் நின்று சத்தம் போட்டார். "நான் இல்லாத நேரத்துக்குத்தானே இந்தப் பெட்டி? இதுவும் பேச்சை மென்னு முழுங்குனா நான் யாரை நம்புறது?" என் அறையில் எல்லாம் சரியாகத்தான் கேட்டது. ஹெட்ஃபோனில் ஒரு எழுத்து குறையவில்லை. மூன்று லைப்ரரியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், மூன்றும் ஒழுங்காகப் பேசின. குற்றம் எங்கே என்றே தெரியாமல் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நானே ரேஷன் கடைக்குப் போனேன். எத்தனை நாளுக்குப் பிறகு வாசல் தாண்டினேன் என்று கணக்கில்லை. மூன்றையும் என் லேப்டாப்பிலிருந்து பெட்டியில் போட்டுக் கேட்டேன். மூன்றும் முதல் சொல்லை விழுங்கின. ஆள் மேல் தப்பே இல்லை, அத்தை. அந்தப் பெட்டி சத்தம் இல்லாதபோது தூங்கிவிடுகிறது. முதல் சத்தம் போய் அதை எழுப்புகிறது. அது எழுந்து உட்காருவதற்குள் முதல் சொல் போய்விடுகிறது.

"ஐப்பசியில இதே பெட்டி ஒழுங்காத்தானே பேசுச்சு" என்றார் அக்கா. "உங்க அத்தைதான் ஒவ்வொண்ணுக்கும் முன்னால கூப்பிட்டு கூப்பிட்டுப் பேசும். சிரிச்சு சிரிச்சு எங்களுக்கு வயிறு வலிச்சுதே."

பெட்டியை அணைத்துவிட்டு ரேஷன் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நினைவிருக்கிறதா, பதிவு செய்த அந்த மூன்று நாள்? ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் "ஏ புள்ளைவளா" என்று ஒரு கூவல். ஏ புள்ளைவளா, மேலவெளி. ஏ புள்ளைவளா, நடவு. ஏ புள்ளைவளா, காலை ஆறு மணி. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் கத்திவிட்டேன்.

"அத்தை, எதிர்ல யாரும் இல்ல. ஃபோன்லதான் பேசுறீங்க. வயல் பேரை மட்டும் சொல்லுங்க."

"கூப்பிடாம எப்படிடி சொல்றது? மொட்டையாவா?"

"மொட்டையாத்தான்."

"நீ வேணா மொட்டையா பேசு. எனக்கு வராது."

அன்று மத்தியானம் என்னோடு பேசாமலே சோறு போட்டீர்கள். ரசம் ஊற்றும்போதுகூட வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒத்தையாளை வைத்து அப்படியேதான் ஓடவிட்டேன். தை மாதம், துண்டுகள் நீளமாக இருக்கின்றன என்று பிரவீண் சொன்னதும் உட்கார்ந்து ஒவ்வொரு கூவலாக வெட்டி எடுத்தேன். முன்னூற்றுச் சொச்சம் "ஏ புள்ளைவளா". லேப்டாப்பில் இடமில்லை என்று பழைய பதிவுகளையும் அழித்துவிட்டேன். வேண்டுமென்றால் திரும்பப் பேசிக் கொடுக்க நீங்கள்தான் இருக்கிறீர்களே என்று நினைத்தேன். அடுப்படியில்தானே நின்றிருந்தீர்கள். பிறகு கோடை, ஆப்புக்கு வேலையில்லை. அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

வெட்டிய தவறை எப்படி ஒட்டுவது? முன்னால் கொஞ்சம் மௌனம் சேர்த்துப் பார்த்தேன். மௌனத்துக்கு அந்தப் பெட்டி விழிக்கவில்லை, சத்தம்தான் வேண்டுமாம். மணியடிக்கிற ஒலி வைத்தேன். யாருக்கோ மெசேஜ் வந்திருக்கிறது என்று ஆளாளுக்கு இடுப்பில் இருந்த ஃபோனை எடுத்துப் பார்த்தார்கள், வயல் பெயரை ஒருவரும் கவனிக்கவில்லை. இயந்திரக் குரலையே "ஏ புள்ளைவளா" என்று சொல்லவைத்தேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

உங்கள் மகனிடம் கேட்டேன், அம்மா அனுப்பிய குரல் செய்திகள் இருக்கின்றனவா என்று. எல்லாவற்றையும் அனுப்பினார், ஒன்றைக்கூட அழிக்கவில்லை அவர். நெல் அறையில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டேன். எல்லாம் "தம்பி" என்றுதான் தொடங்குகிறது. ஒரு ஆளிடம் பேசும்போது உங்களுக்கு அந்தக் கூவல் வராது. கூட்டமாக வயலில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் அது. முப்பது நாற்பது பேர் குனிந்து நடும்போது முதல் சொல் யார் காதிலும் விழாது, அதனால் கூப்பிட்டு நிமிரவைத்துவிட்டுப் பிறகு சொல்வீர்கள். அந்தக் கூவல் இப்போது உலகத்தில் எங்குமே இல்லை, அத்தை. அதைக் கத்தரித்தவள் நான். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

புதன்கிழமை சாயங்காலம் அழுதுகொண்டே இயந்திரக் குரலை ஆப்பில் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். ஃபோனைச் சார்ஜ் போட வந்த அக்கா பார்த்துவிட்டார்.

"ஏன் நித்யா, நீ கூப்பிடேன்."

"எனக்குச் சத்தமா வராதுக்கா."

அது பொய்யில்லை. நான் கூப்பிட்டால் பூனைகூடத் திரும்பாது என்று நீங்களே சொல்வீர்கள். கும்பகோணத்தில் ஒட்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்றே பேசப் பழகியவள். ஆனால் இருந்த ஒரே வழி அதுதான்.

வியாழக்கிழமை காலை மேலவெளி வரப்பில் போய் நின்றேன். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஃபோன். முதல் முறை காற்றுதான் வந்தது. இரண்டாவது முறை குரல் உடைந்தது. மூன்றாவது முறை, வெட்டி எறிந்த முன்னூறும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

"ஏ புள்ளைவளா!"

நடவில் குனிந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்துவிட்டார்கள், அத்தை. சேற்றில் நின்றபடி என்னையே பார்க்கிறார்கள். "என்னம்மா?" என்றார் அக்கா. சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. நான் கூப்பிடத்தானே வந்தேன், சொல்ல வேண்டியவர் நீங்கள். வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் கிட்டே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து நடத் தொடங்கினார்கள், அதற்காக அவர்களுக்கு நன்றி.

அந்தக் கூவலை உங்கள் துண்டுகளுக்கு முன்னால் ஒட்ட உட்கார்ந்தபோதுதான் புத்தி வந்தது. ஒன்றை ஒட்டலாம் என்றால் எல்லாவற்றையும் ஒட்டலாமே. கூவல், வயல், வேலை, நேரம் நான்கையும் முதலில் ஒரே சத்தமாக்கிவிட்டுச் சின்னவன் கையில் கொடுத்தேன். நடுவில் இடைவெளியே இல்லை. மூச்சு வாங்காமல், ஐப்பசியில் பேசினது போலவே பேசுகிறீர்கள். சின்னவனையே வைத்துக்கொண்டேன். ரேஷன் கடைப் பெட்டி என் "ஏ"வை விழுங்குகிறது, "புள்ளைவளா"வில் விழிக்கிறது. உங்கள் சொல்லில் ஒன்றும் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை பிரவீண் கேட்டார். இன்னொரு முறை ஓடவிட்டார். பிறகு, "இந்த வருஷ நடவுக்கு இருக்கட்டும், தை பிறந்தா மிஷின் வாய்ஸ்தான்" என்றார். ஆக, தைவரைக்கும்தான் எனக்கும் உங்களுக்கும் கெடு. நெல் அறை அப்படியேதான் இருக்கிறது. மூட்டைகளை மட்டும் ஒதுக்கச் சொல்லி மாமாவிடம் கேட்டுவிட்டேன், என் குரல் சமையலறைவரை வந்தது என்கிறார் மாமா.

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் குரலில் இனி ஒரு மூச்சைக்கூட வெட்ட மாட்டேன். தை பிறந்து பிரவீண் கேட்கும்போது முணுமுணுக்கவும் மாட்டேன், வரப்பில் கூப்பிட்ட குரலிலேயே பதில் சொல்வேன். அதுவரை ஒவ்வொரு நாளும் நான் கூப்பிடுகிறேன். எல்லோரும் நிமிரட்டும். பிறகு நீங்கள் சொல்லுங்கள்.

உங்களுக்கு முன்னால் கூப்பிட்டுவிட்டு நிற்கும்
உங்கள் மருமகள்,
நித்யா