நீராடுவோர்க்கு விளங்கும்படி கடலறிவிப்பு எழுதுக

நலம் பெருகுக. கடல் தன் எல்லையில் நிற்க; கரை வாழ் குடிகள் தத்தம் இல்லங்களில் நிலைக்க.

வெண்மணல் நாடாளும் வேலிறைக் கோமானின் கடற்கரைக் காவல் அமைச்சன் நன்னன் சேயோன், குன்றுறை வானக்கணியர் அவைத் தலைவர் பொறையன் ஆதனார்க்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குன்றில் மழை தவறாதிருக்க. அவையோர் நோயின்றி வாழ்க.

மாசி நிறைமதி நீராட்டுக்கு முன்னாள் தாங்கள் விடுத்த அறிவிப்பு உரிய வேளையில் வந்தது. தொலைக்கடற் புயலினால் கரையணை நீரோட்டம் வன்மையுறும் என்றும், நீராடுவோர் விழிப்புடன் ஒழுகுக என்றும் அதில் கண்டிருந்தது. முரசறைவோர் அதனை எழுத்துப் பிசகாமல் சங்கந்துறைத் தெருக்களில் அறைந்தனர். பரதவர் பொருளுணர்ந்து படகுகளைக் கரையேற்றினர். உள்நாட்டிலிருந்து நீராட வந்த நெசவாளர்களோ அப்படகுகளைக் கண்டு, விழாவுக்காக மீனவர் ஓய்ந்திருப்பதாக எண்ணினர். விடிந்ததும், இருபுறமும் அலை உயர்ந்தெழ, நடுவே அமைதியாய்த் தோன்றிய இடத்தைத் தேர்ந்து கைகோத்து இறங்கினர். அவ்விடமே கடல் உள்ளிழுக்கும் இடம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பரதவர் கயிறு கட்டி நீந்திப் பலரை மீட்டனர். சிலரை மீட்க இயலவில்லை.

கணவனைக் கடலில் இழந்த பூவந்தி என்னும் நெசவுப் பெண்ணை நேரிற் கண்டேன். முரசு கேட்கவில்லையா என்று வினவினேன். கேட்டோம் என்றாள். பின்னர் அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதுகிறேன்: "முழிச்சிருக்கணும்னு தானுங்க அதுல சொன்னாங்க, ஐயா. அதான் ராத்திரி பூரா யாரும் கண்ணு மூடல. எறங்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வந்த வழியே திரும்பிப் போயிருப்போம்."

இதனை நான் எழுதியபோது, கணிப்பு பலித்தது என்றும், அவைமொழியை எளிதாக்குவது அவையின் மாண்புக்குக் குறைவு என்றும் தாங்கள் மறுமொழி விடுத்திருந்தீர்கள். கணிப்பு பலித்தது உண்மை. அறிந்திருந்தும் காக்க இயலாமற் போனதே என்னைச் சோர்வுறச் செய்கிறது. முன்னும் பிற துறைகளில் இவ்வாறே நிகழ்ந்தது. முன்னும் இவ்வாறே எழுதினேன். எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. ஆதலின் இம்முறை வேண்டிக்கொள்ளவில்லை. கோமானின் ஒப்புதலுடன் ஆணையிடுகிறேன்.

இனி அறிவிப்பின் முதற்சொல், கடலில் இறங்கலாமா கூடாதா என்பதாகவே இருத்தல் வேண்டும். எந்தக் கரையில், எந்நாள் வரை என்பது அடுத்து வருக. காற்றின் பெயரும் திசையின் பெயரும் அதன்பின் வரட்டும். இழுப்புள்ள இடங்களில் செந்துணி கட்டிய கழிகளைப் பரதவர் நடுவர்; அதன் பொருளையும் முரசறைவோர் கரையில் நின்றே சொல்வர். இழுபட்டவர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துக என்பதும் சேர்க்கப்படுக. எவ்வறிவிப்பையும் விடுக்குமுன், கடல் காணாத ஒருவர்க்கு அதனைப் படித்துக்காட்டி, அவர் விளங்கிக்கொண்டது யாதெனக் கேட்டறிக.

துயர் கேட்டு வர இன்னும் சில வீடுகள் எனக்கு எஞ்சியுள்ளன. ஆதலின் இவ்வளவில் நிறுத்துகிறேன்.

இது கோமானின் திருவாணை. சங்கு முத்திரை பொறிக்கப்பட்டது. மறுமொழி ஓலை வேண்டா. பங்குனி நீராட்டுக்குத் தாங்கள் விடுக்கும் அறிவிப்பே மறுமொழியாகுக.