வெள்ளைத் தாரும் மஞ்சள் விளக்கும்

மச்சான்,

இன்று காலை பாலசமுத்திரத்திலிருந்து ஒருவர் வந்து நூறு வாட் ஃபோகஸ் லைட் வேண்டும் என்றார். பெட்டியைப் பிரித்தேன். புது அலுமினியமும், கண்ணாடியைச் சுற்றி மழைத்தண்ணீர் புகாமல் வைத்திருக்கும் ரப்பர் வளையமும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்குமே, அது குப்பென்று வந்தது. எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் நீ முதலில் முகர்ந்துதான் பார்ப்பாய். "ரப்பர் நாறணும் மாப்ள. நாறலன்னா மொத மழைக்கே தண்ணி பூந்துக்கும்" என்பாய். அதில் எவ்வளவு உண்மையோ எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நீ போன இந்த இரண்டு வருடமாக நானும் முகர்ந்து பார்த்துத்தான் விற்கிறேன். வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பாலசமுத்திரத்துக்காரரிடம் உன் கேள்வியைத்தான் கேட்டேன். "நூறு வாட்டு கெடக்கட்டும். யாரு பொழங்குற எடம்?" மாட்டுக் கொட்டகை என்றார். உயரம் எட்டடி. எட்டடியில் நூறு வாட்டை மாட்டினால் பால் கறக்கிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கறக்க வேண்டும், மாடு மிரண்டு உதைக்கும். இரண்டு இருபது வாட் விளக்கைக் கொடுத்து, இரண்டையும் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டச் சொன்னேன். மனிதர் சந்தோஷமாகத்தான் போனார். பெரிதாகக் கேட்டு வருகிறவனுக்குச் சின்னதாகக் கொடுத்து அனுப்புகிறாயே, கடை விளங்குமா என்று உன்னோடு எத்தனை நாள் மல்லுக்கட்டியிருப்பேன். அந்த வேலையை இப்போது நானே செய்துகொண்டிருக்கிறேன், வெட்கமில்லாமல்.

நகரிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். உன் தங்கையை நான் கட்டிக்கொண்டது பிற்பாடு. நீ தறி ஷெட்டுகளில் மோட்டார், ஸ்டார்ட்டர் பார்க்கும் வயர்மேன். நான் திருப்பதியில் ஒரு லைட் கடையில் கவுண்டரில் நின்று வாய் வளர்த்தவன். இருவரும் சேர்ந்து கடை போட்டபோது பேச்சு என் பங்கு, ஏணி உன் பங்கு என்று பிரித்துக்கொண்டோம். பிரித்தோமே தவிர, ஏணி மேலிருந்தபடியே நீ என் பேச்சில் குறுக்கே விழுவாய். வாடிக்கையாளரை நான் மடக்கி முடித்திருப்பேன். நீ மேலேயிருந்து, "சார், அது ஒங்க வூட்டுக்கு வாணாம் சார்" என்பாய். அப்போதெல்லாம் ஏணியை உருவிவிடலாமா என்றுகூடத் தோன்றும்.

நாராயணவனத்துக் கல்யாண மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? மண்டபக்காரருக்கு மேடைக்கு நேர் எதிரே நாலு ஃபோகஸ் லைட் வேண்டுமாம், வீடியோ பளிச்சென்று வரவேண்டுமாம். பெரிய சரக்கு போகிறதே என்று நான் பூரித்துப் போயிருந்தேன். நீ ஒரு லைட்டைக் கம்பத்தில் கட்டி, அவரையே மணமகன் நாற்காலியில் உட்கார வைத்து ஸ்விட்சைப் போட்டாய். பெரிய மனுஷர், இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஆப்பேயண்டி, ஆப்பேயண்டி" என்று அணைக்கச் சொல்லித் தெலுங்கில் கத்தினார். "பொண்ணு மாப்ள ரெண்டு மணி நேரம் இப்டிதான் குந்திக்கினு இருக்கணும். பரவால்லயா?" என்று கேட்டாய். விளக்குகளைப் பக்கவாட்டில், உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தோம். மேடையில் முகமும் தெரிந்தது, கண்ணும் கூசவில்லை.

அந்த மண்டபத்தால்தான் வினையும் வந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்கென்று மஞ்சள் விளக்குகள் கேட்டவர், சரக்கு வந்து இறங்கிய பிறகு மனசு மாறி வெள்ளை போதும் என்றுவிட்டார். மஞ்சள் விளக்குப் பெட்டிகள் நம் கடையில் அப்படியே நின்றன. நீ அவற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பாய். நான் அந்தப் பக்கமே பார்க்கமாட்டேன்.

அப்போதுதான் தறி முதலாளி செங்கல்வராயன் தன் ஷெட்டில் பழைய ட்யூப்லைட்டுகளை எல்லாம் மாற்ற வேண்டும் என்று வந்தார். நீ போய் அளவெடுத்தாய். ஒவ்வொரு தறிக்கும் நேர் மேலே ஒன்று, நடைபாதைக்கு நாலு, மொத்தம் பன்னிரண்டு, எல்லாம் வெள்ளை என்று சீட்டில் எழுதி என் மேஜைமேல் வைத்துவிட்டு, காணிப்பாக்கத்தில் ஒரு லாட்ஜ் வேலைக்குப் பத்து நாள் போய்விட்டாய்.

மறுநாள் செங்கல்வராயன் கடைக்கு வந்தார். அவர் கண்ணில் படும்படி ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றி வைத்தது நான்தான். தற்செயல் என்று யாரிடமாவது சொல்லலாம், உன்னிடம் சொல்ல முடியாது. "அட, கோயிலாட்டம் இருக்குதே" என்றார். "கண்ணுக்குக் குளுமைங்க. ராத்திரி ஷிப்ட்டுக்காரங்களுக்குத் தலவலியே வராது" என்றேன். என் வாய்க்குக் கேட்கவா வேண்டும்! புத்தூரிலிருந்து ஒரு வயர்மேனை வரவழைத்துப் பன்னிரண்டையும் மாட்டினேன். உன் சீட்டை மேஜை டிராயருக்குள் தள்ளினேன்.

அந்த ஷெட்டில் கன்னியம்மா இரண்டு தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். சாயங்கால ஷிப்ட். ஒரு தறியில் வெள்ளைச் சேலை, பக்கத்துத் தறியில் எலுமிச்சைத் தோலைவிட வெளிறிய மஞ்சள் சேலை. தார் தீரத் தீர, நூல் சுற்றிய அடுத்த தாரை எடுத்து, குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள் வெளிச்சத்தில் அந்த இரண்டு நூலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பது நெசவு ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். நினைத்துப் பார்க்கத்தான் மனசில்லை. ஒரு வாரம் கழித்து, காலை வெயிலில் துணியை விரித்து மடிக்கும்போது, வெள்ளைச் சேலைகளில் சாண் அகலத்துக்கு மஞ்சள் பட்டைகள் விழுந்திருந்தன.

செங்கல்வராயன் ஃப்யூஸ் வாங்க வந்தபோது அவர் வாயாலேயே சொன்னார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அந்தம்மாக்குக் கண்ணு பூட்ச்சிபா. வெள்ள எது மஞ்ச எதுன்னு தெரியல. நாளையிலேர்ந்து வராதன்ட்டேன்." நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன். நகரியில் ஒரு ஷெட்டில் 'கண்ணு பூட்ச்சி' என்று பேர் வாங்கினால், டீக்கடை வழியாக அந்தப் பேச்சு எல்லா ஷெட்டுக்கும் போய்விடும். பிறகு யாரும் தறி தரமாட்டார்கள். புருஷன் இல்லாதவள், அந்த இரண்டு தறியை நம்பித்தான் இருந்தாள். எல்லாம் தெரிந்தும் அவர் போகும்வரை உள்ளேயே நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் நீ நெற்றியில் காணிப்பாக்கத்துக் குங்குமத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினாய். டீக்கடையிலேயே சேதி உன் காதுக்கு வந்துவிட்டது. கடைக்குள் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"எந்த லைட்டு குடுத்த?"

சொன்னேன். நீ திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஒரு வெள்ளை ஃபோகஸ் லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வா" என்றாய்.

போகிற வழியில் கன்னியம்மாவையும் வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டோம். ஷெட்டில் விளக்கேற்றும் நேரம். நீ செங்கல்வராயனிடம் கன்னியம்மா பேச்சையே எடுக்கவில்லை. ஒரு முறம் கேட்டாய். வெள்ளைத் தார் பத்து, மஞ்சள் தார் பத்து வாங்கி, முறத்தில் கலந்து கொட்டினாய்.

"மொதலாளி, ஒங்களுக்கு நூலு தெரியாதா? சின்ன வயசிலேர்ந்து பாக்கறீங்க. இத்த வெள்ள தனியா, மஞ்ச தனியா பிரிச்சிக் குடுங்க, பாக்கலாம்."

"இன்னாபா, எங்கிட்டயேவா?" என்று சிரித்துக்கொண்டே அவர் பிரித்தார். ஒவ்வொரு தறியாக நின்றது. நெசவுக்காரர்கள் எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பிரித்து முடித்ததும் மஞ்சள் விளக்குகளை அணைக்கச் சொல்லி, நாம் கொண்டுபோன வெள்ளை விளக்கைப் போட்டாய். வெள்ளைக் குவியலில் மூன்று மஞ்சள் தார் இருந்தன, மஞ்சள் குவியலில் மூன்று வெள்ளை. யாரோ ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செங்கல்வராயன் ஒரு தாரைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கன்னிம்மா கண்ணு நல்லாத்தான் கீது மொதலாளி. லைட்டுதான் தப்பு" என்றாய்.

"இந்த லைட்ட யாரு குடுத்தது?" என்றார் அவர்.

நீ என்னைப் பார்த்தாய். அத்தனை பேர் கண்ணும் நம்மேல் இருந்தது. நான் குனிந்து முறத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க கடைதான். அளவெடுத்தது நான்தான்" என்றாய். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் கேட்ட அத்தனை பேரும் தப்பு உன்னுடையது என்று எடுத்துக்கொண்டார்கள்.

கன்னியம்மா அன்றைக்கே தறிக்குப் போய் நின்றாள். பன்னிரண்டு விளக்கையும் மறுநாள் நீயே ஏணி போட்டு மாற்றினாய். உனக்கு ஊரில் 'மஞ்ச லைட்டு' என்று பேர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் உன்னைப் பார்த்தாலே, "இன்னா மஞ்ச லைட்டு, டீயா காப்பியா? பாத்தா தெரிதா?" என்பார்கள். நீயும் சேர்ந்துகொண்டு சிரிப்பாய். பக்கத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

அன்று ஷெட்டிலிருந்து திரும்பும்போது, "ஏன் மச்சான் நீ ஏத்துக்கினே?" என்று கேட்டேன். "நீ பேசுவன்னு கொஞ்சம் நேரம் வுட்டுப் பாத்தேன். ஒனக்கு வாய் வரல. சர்தான் வுடு, அப்பாலே சொல்லிக்கலாம்" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுத்ததே இல்லை. குத்திக்காட்டியதும் இல்லை. நான்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்த வருஷம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஆறு பொங்கல் போயிற்று. நீயும் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. ஷெட்டுகள் எல்லாம் தறியை நிறுத்திவிட்டு உன் பின்னால் வந்தன. அப்போதுகூட ஒருவர் என்னிடம், "தப்ப ஒத்துக்கினாம்பாரு, அவன் மன்சன்" என்று சொல்லி அழுதார். நான் தலையாட்டினேன், மச்சான். அதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை கன்னியம்மா கடைக்கு வந்தாள். வீடு கட்டி முடித்துவிட்டாளாம். வாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு இரண்டு விளக்கு வேண்டும் என்றாள். யாரு பொழங்குற எடம், எத்தினி அடி ஒசரம் என்று எல்லாம் கேட்டேன். வாசல் விளக்கு எதிர்வீட்டு ஜன்னலில் அடிக்கக்கூடாது, படியில் விழ வேண்டும் என்று சொல்லி, தலை கவிழ்ந்த மாதிரி ஒன்றை எடுத்து வைத்தேன். கூடத்துக்கு வெள்ளையா மஞ்சளா என்று கேட்டேன்.

"மஞ்சதான் குடுண்ணா. வூட்ல தறியா ஓடுது?" என்று சிரித்தாள். இரண்டையும் எரியவிட்டுக் காட்டினேன். அந்த வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அப்போது, ஏன் அன்றைக்கு என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"கன்னிம்மா, அன்னிக்கி ஷெட்டுக்கு மஞ்ச லைட்டு குடுத்தது மச்சான் இல்ல. அவரு வெள்ளைன்னு எழுதி வச்சிட்டுதான் போனாரு. நான்தான் மாத்திக் குடுத்தேன். ஒம் பேரு கெட்டது என்னாலதான். அவரு பேரு கெட்டதும் என்னாலதான்."

அவள் அதிரவில்லை. விளக்கின்மேல் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "தெரியும்ண்ணா" என்றாள்.

"எப்டி?"

"மாட்டும்போது நான் தறியாண்டதானே நின்னுக்கினு இருந்தேன்? புத்தூர் ஆளு வந்து மாட்டினு போனான். ஒம் மச்சான் அண்ணன் ஊர்லயே இல்ல. அப்பாலே ஒரு நாளு அண்ணனாண்டயே கேட்டேன், ஏன்ணா நீ ஒத்துக்கினேன்னு."

"இன்னா சொன்னாரு?"

"'எம் மாப்ள ஒரு நாளு வந்து ஒன்னாண்ட அவனே சொல்லுவான். அதுவரிக்கும் தெரியாத மாதிரி இருந்துக்கோ கன்னிம்மா'ன்னாரு. நானும் இருந்துட்டேன்."

விளக்குகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைக்குள் உட்கார்ந்து அழுதேன். பாரம் இறங்கிய அழுகைதான். மறுநாள் செங்கல்வராயனிடமும் போய்ச் சொன்னேன், டீக்கடையிலும் எல்லோர் எதிரிலும் சொன்னேன். இப்போது அந்தப் பட்டப்பேர் எனக்கு வந்துவிட்டது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். உன் தங்கைதான் ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசவில்லை, அதுவும் சரியாகிவிடும்.

எட்டு வருடம் நான் என்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு நாள்கூட அப்படி நினைக்கவில்லை என்பது போன வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டேன், மச்சான்.