குளத்து விளக்கும் மல்லிகாவின் வலது கையும்

திங்கள்

வாடைக்காற்று. விட்டு விட்டுத் தூறல்.

ஏரிக்கரை ரிசார்ட்டிலிருந்து போன். நீச்சல் குளத்துக்குள் இருக்கும் விளக்கு மினுக்குகிறதாம். டச்சுக் கல்லறை பார்க்க வரும் வெளியூர்க் கூட்டத்தை நம்பிக் கட்டிய குளம். சனிக்கிழமை பார்ட்டி, அதற்குள் முடிக்கணும் என்றார் மேனேஜர். சின்ன வயசு, மரியாதை தெரிந்தவர்.

ஸ்விட்சை அணைத்து, விளக்கைக் கழற்றி மேலே எடுத்தேன். சுவர்க் குழிக்குள் கேபிளைக் கொஞ்சம் கூடுதலாகச் சுருட்டி வைத்திருப்பார்கள், அதனால் குளத்தை இறைக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்குள் பாதித் தண்ணீர். வாஷர் உப்பிக் கிடந்தது. வாஷரும் பல்பும் புதுசு போட்டேன். எரிந்தது.

இந்த வருஷம் ஏரியில் இறால் சரியில்லை. என் பெண்டாட்டி மல்லிகா, அம்சாக்கா, செல்வி மூன்று பேரும் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். இப்போது விடிகாலையில் இந்தக் குளத்தில் இறங்கிச் சுவர் தேய்க்கிறார்கள். அழுக்கு தெரிய விளக்கைப் போட்டுக்கொள்வார்கள். அம்சாக்காவுக்குக் கேலி: “புருஷன் மேல, பொஞ்சாதி கீழ. நல்லாத்தான் கீது.”

மோட்டருக்கு கிரீஸ் வாங்கணும். மறந்தாச்சு.

செவ்வாய்

வெயில். மறுபடி மினுக்கல்.

விளக்குக்குள் ஈரமில்லை. கரையில் இருக்கும் பெட்டியைத் திறந்தால் ஒயர் இணைப்பு பச்சை பூத்திருந்தது. நறுக்கிப் புதுசாக இணைத்தேன். எரிந்தது, ஆனால் மனசு ஒப்பவில்லை. பம்பு ரூம் சாவி மேனேஜரிடம், அவர் பொன்னேரிக்குப் போய்விட்டார். நாளைக்குத்தான்.

சாயங்காலம் சாப்பாடு. நண்டுக் குழம்பு. மல்லிகா கையிலிருந்து சொம்பு நழுவியது. போன வாரமும் ஒரு கிண்ணம்.

“கையில இன்னாமே?”

“ஒண்ணுமில்ல. சொறி பட்ட மாதிரி கீது. வெரல் மரத்துப் பூட்ச்சி.”

“ஏரிக்கா போன?”

“ஏரிக்கு எங்கய்யா போனேன்? தொட்டியிலதான். அந்த லைட்டாண்ட போனா சுருக்கு சுருக்குங்குது.”

சொறிமீன் ஏரித் தண்ணீரில் மிதக்கும், தொட்டால் எரியும். குளோரின் போட்ட தொட்டியில் அது எப்படி இருக்கும்? மீட்டரைத் தேடி எடுத்து வைத்தேன்.

புதன்

விடிகாலையில் மூன்று பேருக்கும் முன்னே போய் நின்றேன். யாரும் இறங்கக் கூடாது என்றேன். அம்சாக்கா முறைத்தார்.

விளக்கைப் போட்டு, மீட்டரின் ஒரு முனை தண்ணீரில், ஒரு முனை ஏணியில். முள் எழுந்தது. விளக்கை அணைத்தால் படுத்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். மறுபடி எழுந்தது.

பம்பு ரூம். பன்னிரண்டு வோல்ட் விளக்கு இது. கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் உள்ளே கருகி, இருநூற்று முப்பது வோல்ட் கரண்ட் தண்ணீருக்குக் கசிந்திருக்கிறது. கசிந்தால் தானே விழுந்து அணைக்க வேண்டிய ஈ.எல்.சி.பி.யைச் சுற்றி யாரோ ஒரு ஒயர் போட்டு வைத்திருக்கிறார்கள். அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்திருக்கும். எர்த் ஒயரைத் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்று.

ஃபியூஸைப் பிடுங்கினேன். “சனிக்கிழமை பார்ட்டிங்க...” என்றார் மேனேஜர். தண்ணீரில் கரண்ட் இருந்தது, அதில் என் பெண்டாட்டி இருந்தாள் என்றேன். எல்லாமே புதுசு போடுங்கள் என்றார் அவர்.

வியாழன்

மல்லிகாவை பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஊசியால் விரல்களைக் குத்திப் பார்த்தார். இடது கையை வெடுக்கென்று இழுத்தாள், வலதை இழுக்கவில்லை. நரம்பு, மெதுவாகத் திரும்பலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்கிறார்.

பஸ்ஸில் மல்லிகா: “எறால வெரலுதானேய்யா பாக்குது. கண்ணா பாக்குது?”

பயமாக இருக்கிறது.

அவள் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தார். “நைனா, ஒண்ணுமில்ல நைனா” என்று அவரையும் அனுப்பிவிட்டாள்.

வெள்ளி

மழை இல்லை, நல்ல வேளை. டிரான்ஸ்பார்மர் சென்னையிலிருந்து ரயிலில் வந்தது. அதை மாட்டினேன். ஈ.எல்.சி.பி. புதுசு, அந்தத் திருட்டு ஒயரை நறுக்கி எறிந்தேன். எர்த்துக்குப் புதுக் குழி. சோதனை பட்டனை அழுத்தினேன், பட்டென்று விழுந்தது. விளக்கைப் போட்டு மீட்டர் வைத்தால் முள் அசையவில்லை. அப்புறமும் நம்பாமல் நானே இறங்கி, விளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வெறும் தண்ணீர்தான்.

இடுப்பு வலி. தைலம்.

சனி

காலையில் மூன்று பேரையும் கரையில் உட்கார வைத்துக் கேட்டேன். அந்த இடம் கடிக்கும் என்று எப்போதிருந்து தெரியும்?

“மொதல்லேர்ந்தே” என்றார் அம்சாக்கா. “ஏரியில முள்ளு குத்தற கெளுத்தி கெடக்கற எடத்துக்கு முறை வச்சிப் போவோமில்ல, அதே மாதிரி இங்கயும் முறை வச்சிக்கினோம். ஒருத்தியே கடி வாங்கக் கூடாதுன்னு.”

“ஏன்க்கா என்னாண்ட சொல்லல?”

“தண்ணின்னா கடிக்கும். இதப் போயி இன்னா சொல்றது?”

செல்வி நிமிர்ந்தாள். ஏழு மாசக் கர்ப்பம். “எனக்கு எந்த முறையும் வரலியே அக்கா.”

மாசமாக இருக்கிறவளைக் கெளுத்தி இடத்துக்கு அனுப்ப மாட்டார்கள், அவள் முறையை வேறொருத்தி எடுத்துக்கொள்வாள். ஊர் வழக்கம், எனக்கும் தெரியும். மல்லிகாவைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் முறையும் அவள்தான் போயிருக்கிறாள்.

திட்ட வாயெடுத்தேன். அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டு என்னவென்று திட்டுவது.

செல்வி மல்லிகாவின் வலது கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். “ஒதைக்குது பாருக்கா.”

மல்லிகா விரல்களை அழுத்திப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டு இடது கையை வைத்தாள்.