கடல் தாண்டி வந்த கடி

கிம்பால், பானாய் தீவு
3 ஜூன் 1994

கப்பலில் இருக்கும் என் செல்லம் கிறிசாந்தோவுக்கு,

கடல் உன்னைத் தாலாட்டட்டும். சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை கூசுகிறது. பல்செட் தொளதொளவென்று ஆடுகிறது. சர்க்கரை ஏறி ஏறி ஈறு மெலிந்து, அடியில் எலும்பும் தேய்ந்துவிட்டதாம். வாய் வறண்டே கிடக்கிறது. செட்டுக்கு அடியில் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்கிறது.

பல் டாக்டர் லுவால்ஹாத்தி ஏசுகிறாள்: "ராத்திரி செட்டைக் கழட்டித் தண்ணில போடுங்கன்னா கேக்குறீங்களா? ஈறு கொஞ்சம் ஓய்வெடுக்க வேணாமா? சர்க்கரைக்காரங்க வாய்ப்புண்ணு லேசுல ஆறாது. பெருசாச்சுன்னா அப்புறம் செட்டே மாட்ட முடியாது!"

தலையாட்டிவிட்டு வந்தேன். கழற்றவில்லை. ஏன் என்று மட்டும் கேட்காதே.

உன் அம்மா,
ரெமெடியோஸ்

சாந்தோஸ் துறைமுகம்
11 ஜூலை

அம்மா,

கேட்காதே என்றால் விட்டுவிடுவேனா? செத்துப்போன அப்பா கனவில் வந்தால் பல்லோடு அழகாய்த் தெரியவா? உண்மையைச் சொல்லு.

கிறிசாந்தோ

கிம்பால்
20 ஆகஸ்ட்

குறும்புக்காரா,

நீ கப்பலேறிய வாரம் தொடங்கி ஒரே கனவு. பற்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து, வெள்ளைச் சிப்பிகளாய் அலையோடு போகின்றன. பல் உதிர்வதாகக் கனவு கண்டால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்று உனக்குத் தெரியாதா? விழித்ததும் ஒரு மரக்கட்டையைக் கடித்தால்தான் அந்தக் கெடுதி கழியும். உன் அப்பா போனதற்கு முந்தின நாளும் இதே கனவு. அன்று வாயில் செட் இல்லை, கடிக்க முடியவில்லை. அதனால்தான் இப்போது செட்டோடு தூங்குகிறேன், எழுந்ததும் கட்டில் சட்டத்தைக் கடிக்கிறேன். புண் என் வாயோடு போகட்டும். நீ நன்றாயிருந்தால் போதும்.

அம்மா

நடுக்கடல்
2 அக்டோபர்

அம்மா, என் அம்மா,

உன் கடிதத்தை வாசித்ததும் கண் எரிந்தது. டீசல் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

இதோடு ஒரு மரத்துண்டு வருகிறது. உனக்காக நானே கடித்தது. சமையல்கார ஆந்தோய் பார்த்துவிட்டு, "என்னடா, அவ்வளவு பசியா? சோறு வெந்துடும், கட்டைய விட்டுடு!" என்றான். சிரிக்கட்டும். தலையணைக்கு அடியில் வைத்துக்கொள். கனவு வருமுன்பே கடித்தாயிற்று. இனி ராத்திரி செட்டைக் கழற்று. என் பல்லெல்லாம் இரும்பு, கவலைப்படாதே.

கிறிசாந்தோ

கிம்பால்
27 நவம்பர்

மகனே,

கழற்றினேன். கனவு வந்தது. இருட்டில் உன் பல் தடங்களை விரலால் தடவினேன், அப்படியே தூங்கிப்போனேன். இனிப்பையும் விட்டுவிட்டேன். புண் ஆறிவிட்டது. "இப்பத்தான் ஈறு ஈறா இருக்கு" என்று லுவால்ஹாத்தி புதுச் செட்டுக்கு அளவெடுத்தாள்.

ஆனால் தினமும் தடவியதில் ஒன்று தெரிந்தது. மேல்வரிசையில், இடப்பக்கம், ஒரு தடம் இல்லை. அடுத்ததும் ஆழமாய் விழவில்லை. இரும்பு என்றாயே!

யோசித்துப் பார்த்தேன். எனக்குத்தான் உதிர்வதற்குப் பல்லே இல்லையே. கனவில் நான் பார்த்தது யாருடைய பல்?

என் பல்லும் சர்க்கரையால்தான் இப்படிப் போயிற்று. அடுத்த துறைமுகத்தில் இறங்கி ரத்தப் பரிசோதனை செய். சர்க்கரை எவ்வளவு என்று மறைக்காமல் எழுது. கட்டையை நான் பத்திரமாய் வைத்திருக்கிறேன்.

அம்மா