வெட்டிய பதினோரு வினாடி

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நான் எடுத்த உன் பேட்டி ஒலிபரப்பாகி மூன்று நாள் ஆகிறது. "கேட்டேன்" என்று ஒரு வார்த்தை இல்லை. போனையும் எடுப்பதில்லை. அப்படி என்ன கோபமோ!

நம் ஊர் வானொலிக்குப் போன மாதம் சிற்பி வந்தார், வியாபாரிகள் சங்கத் தலைவி வந்தார். யாருக்கும் இவ்வளவு பாராட்டு இல்லை. "தண்ணீர் பரிசோதனைக்கூடத்து விஞ்ஞானி எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்" என்கிறார்கள். அந்தத் தெளிவு யாருடைய கைவேலை? உன் திக்கலை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தவள் நான். "ஊர்க் குழாய்த் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?" என்று நான் கேட்டதும் பதினோரு வினாடி வாயடைத்து உட்கார்ந்திருந்தாயே, அதையும் வெட்டிவிட்டேன். இப்போது "குடிப்பேன்" என்று பட்டென்று வருகிறது. ஒரு நன்றியாவது சொல்லக் கூடாதா?

அன்புத் தங்கை

மார்ச் 6

தங்கைக்கு,

போனில் பேசினால் திக்கும். எழுத்தில் திக்காது. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பதினோரு வினாடி திக்கல் இல்லை. மேட்டுத் தெருக் குழாயில் ஈயம் கலந்து வருகிறது, குழந்தைகளுக்கு அது விஷம். சோதித்தவன் நான். தண்ணீர் நல்லது என்பதைத் தவிர எதைச் சொன்னாலும் வேலை போகும் என்று எச்சரித்துத்தான் மேலதிகாரி என்னை உங்கள் நிலையத்துக்கு அனுப்பினார். அதனால் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன், கேட்பவர்களுக்குப் புரியட்டும் என்று. அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைக் குப்பையில் போட்டுவிட்டு நன்றி கேட்கிறாய்.

நேற்று மேட்டுத் தெருப் பெண் ஒருத்தி வழியில் நிறுத்தி, என் பேச்சை நம்பி, கைக்குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரிலேயே பால் கரைப்பதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் பேருந்து ஏறிவிட்டாள்.

சின்ன வயதில் கடைக்காரரிடம் நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டு சொல்லி முடிப்பாய். இன்னும் அந்தப் புத்தி போகவில்லை. வெட்டாத பதிவை உடனே ஒலிபரப்பு.

அண்ணன்

மார்ச் 9

அண்ணனுக்கு,

வெட்டாத பதிவு இல்லை. ஒலிபரப்பானதும் அழித்துவிடுவது எங்கள் வழக்கம். அழித்ததும் நான்தான்.

உன் கடிதத்தைப் படித்ததும் கிளம்பிவிட்டேன். மேட்டுத் தெருவில் வீடு வீடாகத் தட்டி அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துச் சொன்னேன். "உங்க அண்ணனே குடிப்பேன்னாரே, நான் யாரை நம்புறது?" என்று கதவைச் சாத்தினாள்.

ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் கட்டாதே. உன் எதிரே உட்கார்ந்திருந்தவள் உன் கூடப் பிறந்தவள். பேட்டி முடிந்து வெளியே டீ குடித்தோமே, அப்போதாவது சொன்னாயா? சும்மா இருந்ததற்குப் பெயர் வீரமா? நான் வெட்டியது மௌனத்தை மட்டும். "குடிப்பேன்" என்ற பொய் உன் வாயிலிருந்து வந்தது.

வரும் ஞாயிறு காலை எட்டு மணி, நேரலை. அதே கேள்வியை மறுபடி கேட்பேன். வெட்ட முடியாது. நிலைய மேலாளரிடம் சொல்லவில்லை. என் வேலையும் போகலாம், போகட்டும். நீ வராவிட்டால் உன் கடிதத்தை நானே வாசிப்பேன்.

தங்கை

மார்ச் 11

தங்கைக்கு,

வருகிறேன். வேலை போகும் என்று உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

நீ எழுதியதில் பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்குப் பிறகு நீ என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இரு. "ஈயம்" என்று சொல்ல எனக்கு நேரமாகும். எவ்வளவு நேரம் ஆனாலும் நீ எடுத்துக் கொடுக்காதே.

அண்ணன்